ஒறுத்தல் சீட்டில் எழுதிய இரண்டு மணிக்கூர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எந்த அளவைக் கேட்டாலும் யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவேன். கல்யாண வீட்டில் எத்தனை பேர் என்றால் முந்நூறு. மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்றால் முக்கால் மணி. சொல்லும்போது குரலில் சந்தேகமே இருக்காது. அதனாலேயே கேட்டவர்கள் நம்பிவிடுவார்கள், அவர்கள் நம்புவதைப் பார்த்து நானும் நம்பிவிடுவேன்.

கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்றைக்கும் அப்படித்தான் ஒரு எண்ணை எழுதினேன்.

எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. கோயில் மணி அடித்தால் கடலில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும். தவக்காலம் தொடங்கிவிட்டால் உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர்வரை ஆளுக்கு எதையாவது ஒன்றை விட வேண்டும். அதற்கு ஒறுத்தல் என்று பெயர். இறைச்சியை விடுவது பொது வழக்கம். எங்களுக்கு அதில் பெரிய கஷ்டம் கிடையாது, மீன் இருக்கிறதே. மீனை விடச் சொல்லும் தைரியம் இதுவரை எந்தச் சாமியாருக்கும் வந்ததில்லை. அந்த வருடம் எங்கள் பங்குச் சாமியார், இளைஞர்கள் எல்லோரும் போனை ஒறுக்க வேண்டும் என்று பூசையில் சொன்னார். முழுவதும் விட முடியாது என்பது அவருக்கும் தெரியும். அறிவிப்புகளையே அவர் போனைப் பார்த்துத்தான் வாசித்தார்.

அதனால் பாதி என்று ஆயிற்று. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறோம் என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் பெயரோடு எழுதி, சிலுவையின் காலடியில் இருக்கும் கூடையில் போட வேண்டும். எழுதியதில் பாதி நேரம் ஆண்டவருக்கு. நெற்றியில் சாம்பலோடு வரிசையில் நின்றபடியே, முன்னால் நின்றவளின் முதுகில் சீட்டை வைத்து ‘2’ என்று எழுதினேன். பாதி என்றால் ஒரு மணி நேரம். ஆண்டவர் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் பங்கு மண்டபத்தில் இளைஞர் கூட்டம். கூட்டத்தை நடத்துகிற அக்கா பாலர் பள்ளியில் டீச்சர். எங்களையும் நாலு வயதுப் பிள்ளைகளைப் போல வட்டமாக உட்காரவைத்துத்தான் பேசுவார். அன்றைக்கு அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது.

“எல்லாரும் எழுதிப் போட்டாச்சு. எழுதினது செரியாண்ணு பாக்காண்டாமா? அவங்கவங்க போனே சொல்லும். அடுத்தால இருக்கியவங்க கையில குடுங்க, அவங்க வாசிப்பாவ.”

போனின் செட்டிங்ஸுக்குள் போனால் ஒரு வட்டம் வரும். அதன் நடுவில் அன்றைக்கு எத்தனை மணி நேரம் திரை எரிந்தது என்று இருக்கும். பழைய நாட்களுக்கும் போய்ப் பார்க்கலாம். நேர்ந்துகொண்டதற்கு முந்தின நாள், அதாவது செவ்வாய்க்கிழமை, அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. நல்லவர்களாக மாறுவதற்கு முன்னால் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது தெரிய வேண்டுமாம்.

என் பக்கத்தில் இருந்தவள் என்னோடு கல்லூரிக்கு வருகிற தோழி. அவள் சீட்டில் எழுதியது அரை மணி நேரம். போன் சொன்னது ஐந்தேகால். “இது எனக்க போனே இல்ல” என்றாள். போன் உறையில் அவளுடைய போட்டோவே இருந்தது. அவளுக்கு அந்தப் பக்கம், அப்பாவோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற ஒரு பையன். அவன் எழுதியது பத்து மணி நேரம். போன் சொன்னதோ நாலு.

“பத்துண்ணு எதுக்குலே எழுதினே?” என்று அக்கா கேட்டார்.

“வீட்டுல எப்பமும் போனு போனுண்ணு ஏசுவாவ. அப்பம் பத்து இருக்கும்ணு நெனச்சேன்.” அவன் முகத்தில் ஏமாற்றம்தான் இருந்தது. அவ்வளவு பெரிய பாவி இல்லை என்று தெரிந்ததில் கொஞ்சம் சுருங்கிப்போனான்.

சுற்றி வரச் சுற்றி வர மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. குறைத்து எழுதியவர்கள் நிறைய, கூட்டி எழுதியவர்கள் இரண்டு மூன்று பேர். சரியாக எழுதியவள் ஒருத்தி மட்டும்தான். அவள் அம்மாவின் போனை இரவல் வாங்கிப் பார்ப்பவள், நேரத்தை அம்மாதான் அளந்து கொடுப்பாள். நானும் எல்லோரையும் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு தோழி என் போனை வாங்கி, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில் சொன்னாள்:

“ஆறு மணிக்கூர், பத்து நிமிஷம்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆறு பத்துதான். யாரோ எதிர்ப்பக்கத்திலிருந்து, “இதுல பாதிய ஒறுத்தா மூணு மணிக்கூரு ஆச்சுலா, நீ என்ன செய்யப் போற?” என்றார்கள். அப்போதுதான் எனக்கு அந்தப் பதில் கிடைத்தது.

“அதுல மூணு மணிக்கூரு எங்கப்பா!”

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா குவைத்தில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். எங்கள் நேரத்துக்கு ஆறரை மணிக்கு வீடியோ அழைப்பு வந்தால் வைப்பதற்கு ஒன்பதரை ஆகும். அது எல்லோருக்கும் தெரியும். ஒரு நிமிடம் கழித்து ஒருத்தி, “எனக்கும் எங்கப்பா இருக்காவ” என்றாள். இன்னொருவன், “எனக்கு அண்ணன்” என்றான். அந்த வட்டத்தில் பாதிக்கு மேல் கல்ஃபில் ஆள் உள்ளவர்கள். சீட்டு எழுதும்போது ஒருவரும் அந்த நேரத்தைச் சேர்க்கவில்லை. எங்கள் வீடுகளில் யாரும் அதைப் போன் பார்ப்பது என்று நினைப்பதில்லை. அழைப்பு வந்ததும், “அப்பா வந்தாச்சு” என்றுதான் சொல்வோம்.

அக்கா யோசித்து, அப்பாமாரைக் கழித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். உடனே வள்ளத்துக்காரப் பையன் எழுந்து, “எங்கப்பா வீட்டுலயே கெடக்காரு. அதுக்கு நான் என்ன செய்யதுக்கு?” என்று சண்டைக்கு வந்தான். நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். ஆறு பத்தில் மூன்று போனால் மூன்று பத்து. எழுதியது இரண்டு. ஒரு மணி நேரம்தான் வித்தியாசம், பரவாயில்லை. சீட்டில் எழுதியதில் பாதியா, போன் சொன்னதில் பாதியா என்று கடைசியில் ஒரு கேள்வி எழுந்தது. சாமியாரிடம் கேட்டுச் சொல்வதாக அக்கா கூட்டத்தை முடித்தார்.

அந்த மூன்று மணி நேரம் எங்கள் வீட்டில் எப்படிப் போகும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் அப்பா என் போனுக்குத்தான் வருவார். முதல் அரை மணி நேரம் அடுக்களை. சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து அம்மா மீன் வெட்டுவாள். அந்தப் பக்கம் அப்பாவும் அரிசி கழுவிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே அடுக்களையில் நிற்பது போலத்தான் பேசிக்கொள்வார்கள், பல நேரம் பேசாமலும் இருப்பார்கள். ஏழு மணிக்கு வீட்டு ஜெபம். போன் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே போகும். ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் மூன்றாவதைச் சொல்வது அப்பா. நெட்வொர்க் இழுத்தால் பாதி மங்கள வார்த்தை ஜெபம் அங்கேயும் பாதி இங்கேயுமாக முடியும். ஏழரைக்குப் போன் என் கைக்கு வரும். நான் கட்டிலில் சாய்ந்துகொள்வேன், அப்பாவும் அவருடைய கட்டிலில் சாய்ந்துகொள்வார். அவர் அறையில் மொத்தம் எட்டுப் பேர், இரட்டை அடுக்குக் கட்டில்கள். அப்பாவுக்குக் கீழ்க் கட்டில். ஒன்பதரை வரைக்கும் அப்படியே ஓடும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. போன் என் கையில் இருந்ததால் அப்பாவின் அழைப்பை வழியிலேயே எடுத்துவிட்டேன். உள்ளே வந்து சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன். திரையில் சுவரும், கயிற்றில் காய்கிற துண்டும் மட்டும் தெரிந்தன. அப்பா குளிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

“ஏட்டி, ஆறு மணிக்கூராமே?” என்று அம்மா தொடங்கினாள். “ஊரே சிரிக்குது. காலேஜுக்குப் போற பிள்ள, ஆறு மணிக்கூரு போனுல கெடந்தா எப்பம் படிக்கே?”

“ஆறு ஒண்ணும் இல்ல.”

“பின்ன போனு கள்ளம் சொல்லுதா? அந்த மனுஷன் அங்க வெயிலுல வண்டி ஓட்டி உன்னப் படிக்க வைக்கியாரு. நீ இஞ்ச கெடந்து...”

எனக்கு ஏற்கெனவே மண்டபத்துக் கோபம் மிச்சம் இருந்தது. வாயை அடக்கத் தெரிந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

“அதுல பாதி உனக்க மாப்பிளதான்! தெனமும் மூணு மணிக்கூரு. அவர நிறுத்தினா எனக்க ஒறுத்தலு இண்ணைக்கே தீந்துது. சாமிக்கும் சந்தோஷம், எனக்கும் படிக்க நேரம் கிட்டும்.”

சொல்லி முடித்தபோதுதான், அதுவரை கத்தி பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததையும், அது நின்றுபோனதையும் கவனித்தேன். அம்மாவின் கையில் கத்தி இல்லை. சத்தம் போனிலிருந்து வந்திருக்கிறது. திரைக்கு வெளியே உட்கார்ந்து அப்பா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எந்நேரமும் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிற வீடுகளில் இப்படி ஒரு ஆபத்து உண்டு, அந்தப் பக்கம் ஆள் இருப்பது மறந்துபோய்விடும்.

அப்பாவின் முகம் திரைக்குள் வந்தது. கோபமாக ஒன்றும் இல்லை. “இண்ணைக்கு ரூமுல கொஞ்சம் ஜோலி உண்டு. பொறவு விளிக்கேன்” என்றார். வைத்துவிட்டார். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு ஜெபத்தில் மூன்றாவது பத்தை அம்மாவே சொன்னாள்.

மறுநாள் ஆறரைக்கு அப்பா வந்தார். கல்லூரி, பரீட்சை, மழை என்று எல்லாம் கேட்டார். பிறகு என்னைச் செல்லமாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“மக்களே, நானும் இந்தத் தவக்காலத்துக்கு என்ன விடலாம்ணு யோசிச்சேன். இறைச்சி எப்பமாவதுதான் தின்கேன். குடி கெடையாது, பீடி கெடையாது. விடதுக்கு எனக்கிட்ட என்ன இருக்குண்ணு பாத்தா, இதுதான் இருக்கு. உயிர்ப்பு வரைக்கும் தெனமும் பத்து நிமிஷம் மட்டும் விளிக்கேன். நேர்ந்தாச்சு.”

அம்மா சீனி டப்பாவுக்கு முன்னால் அப்படியே நின்றாள். “நேர்ந்தாச்சு” என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச முடியாது. ஒருவர் ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கச் சொன்னால் பாவம் சொன்னவருக்குத்தான். அப்பாவுக்கும் அது தெரியும். வருத்தத்தைச் சொல்லியிருந்தால் நாங்கள் சமாதானம் சொல்லியிருப்போம். அவர் அதை நேர்ச்சையாக மாற்றி எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. ஏழரை மணிக்குமேல் முழுப் பொழுதும் என்னுடையது. பரீட்சைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. ஜெபம் முடிந்ததும் புத்தகத்தோடு கட்டிலில் சாய்ந்தேன். அம்மா அடுக்களையில் முன்பைவிட வேகமாக வேலையை முடித்தாள், முடித்ததும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வாசலில் போய் நின்றாள். இரண்டு முறை, “பத்து நிமிஷம் ஆயாச்சா?” என்று என்னிடம் வந்து கேட்டாள். அழைப்பு முடிந்து அதற்குள் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கலாமே என்று அந்த வட்டத்தைத் திறந்தேன். இரண்டு மணி நேரம் வரும் என்று பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னேன். நான் ஒறுத்தது வேறு, அப்பா ஒறுத்தது வேறு, எல்லாம் சேர்ந்து நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். முந்தின நாள் கணக்கு ஐந்து மணி ஐந்து நிமிடம்.

“இந்தப் போனுக்குக் கிறுக்கு” என்றேன். “மூணு மணிக்கூரு எங்கப்பாவே போயாச்சு. பின்ன எப்படி அஞ்சு வரும்?”

தோழி போனை வாங்கினாள். வட்டத்தைத் தொட்டால் கீழே ஒரு பட்டியல் விரியும், எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் என்று. அது எனக்குத் தெரியாது. மண்டபத்தில் நாங்கள் நடுவில் இருந்த பெரிய எண்ணோடு நிறுத்திவிட்டோம். அவள் பழைய செவ்வாய்க்கிழமைக்குப் போய்ப் பட்டியலை விரித்து என்னிடம் நீட்டினாள். முதலில் ரீல்ஸ் பார்க்கிற ஆப், மூன்றரை மணி நேரம். அப்பாவின் அழைப்பு வருகிற ஆப் இரண்டாவது இடத்தில். ஒரு மணி எட்டு நிமிடம்.

“உங்கப்பா மூணு மணிக்கூரு இல்லட்டி. ஒண்ணுதான்” என்றாள்.

அதெப்படி ஆகும்? அன்றைக்கு அழைப்பு ஒன்பதரைவரை ஓடியது, எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பஸ் பாலத்தைத் தாண்டும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு விளங்கியது. விளங்கியதும் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு ஆப்பைத் திறந்தால், பேசுகிறவரின் முகம் சின்னக் கட்டமாகி மூலையில் ஒதுங்கிக்கொள்ளும். எது முழுத் திரையில் திறந்திருக்கிறதோ அதற்குத்தான் போன் நேரத்தை எழுதும். அடுக்களையில் அரை மணி நேரம் அப்பா முழுத் திரையில் இருந்தார், அது அம்மாவின் நேரம். ஜெபத்தில் அரை மணி நேரம் இருந்தார், அது ஆண்டவரின் நேரம். இரண்டையும் கழித்தால் என் பங்குக்கு மிஞ்சுவது எட்டு நிமிடம். ஏழரை முதல் ஒன்பதரைவரை அப்பா என் போனின் மூலையில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு இருந்தார். அவருக்கு அடியில் நான் ரீல்ஸைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டிருந்தேன். நடுநடுவே “ம்” என்று சொல்வேன். “சொல்லுங்கப்பா” என்பேன். சமையல் வீடியோவின் எழுத்துகளை மறைத்தால் அந்தக் கட்டத்தை விரலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளிவிடுவேன்.

அதையெல்லாம் நான் ஒளித்துச் செய்யவில்லை. செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. அன்றைக்கு யாராவது பைபிளின்மேல் கைவைத்துச் சொல்லச் சொல்லியிருந்தாலும், தினமும் மூன்று மணி நேரம் அப்பாவோடு இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு மணி நேரம் என்று சீட்டில் எழுதியதைக்கூட மன்னித்துவிடலாம். இதுதான் என்னைச் சுட்டது. எட்டு நிமிடத்தை மூன்று மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு, அந்த மூன்று மணி நேரம் என்னுடைய படிப்பைத் தின்கிறது என்று அந்த மனிதரின் காதில் விழும்படி வேறு சொல்லியிருக்கிறேன். அவர் என்னிடமிருந்து எடுக்காத நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தினமும் பத்து நிமிடத்தில் வைத்துவிடுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். கட்டமும் மூலையும் அவளுக்கு முதலில் புரியவில்லை. போனை எடுத்துச் செய்து காட்டினேன். பார்த்துவிட்டுப் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“இத அவருகிட்டச் சொல்லாத” என்றாள்.

“சொன்னாத்தானேம்மா நேர்ந்தத விடுவாரு? கணக்கே தப்புல்லா?”

“உனக்க படிப்புக்காக விட்டாருண்ணா அவருக்குச் சந்தோஷமாவது இருக்கும். மோளு மொகத்தப் பாத்துட்டுக் கெடந்தேன், அவ என்னப் பாக்கவே இல்லண்ணு தெரிஞ்சா அங்க தனியா இருந்து அவரு என்ன செய்வாரு? யோசிச்சியா?”

யோசித்தேன். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. சொல்லாமல் விட்டால் உயிர்ப்புத் திருநாள்வரை அவர் பத்து நிமிடத்தில் வைப்பார், மகள் படிக்கிறாள் என்று திருப்தியோடு படுப்பார். சொன்னால் இத்தனை வருடத்து மாலைகளும் அவருக்கு இல்லாமல் போய்விடும். மாலையாகும்வரை நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கடைசியில், இன்னொரு பொய்க் கணக்கை என்னால் சுமக்க முடியாது என்று தோன்றியது. அதுகூட என் நிம்மதிக்காகத்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆறரைக்கு அப்பா வந்தார். போனைச் சீனி டப்பாவில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

“அப்பா, ஒரு காரியம் சொல்லணும். ஏசக் கூடாது.”

“சொல்லு மக்களே.”

சொன்னேன். ஆறு மணி பத்து நிமிடம், பட்டியல், ஒரு மணி எட்டு நிமிடம், அம்மாவின் அரை மணி, ஜெபத்தின் அரை மணி, என்னுடைய எட்டு நிமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் சின்னக் கட்டத்தைப் பற்றியும் சொன்னேன். “நீங்க எனக்க நேரத்த எடுக்கவே இல்லப்பா. நான்தான் உங்களப் பாக்கவே இல்ல” என்று முடிப்பதற்குள் மூக்கு ஒழுகிவிட்டது.

அப்பா தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டார்.

“அது எனக்குத் தெரியும்லா” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீ என்னப் பாக்கும்போ உனக்க கண்ணு ஒரு எடத்துல நிக்கும். மத்த நேரம் விரலு தள்ளத் தள்ளப் போனு ஆடும். எனக்கு இஞ்ச நீயும் சேந்து ஆடுவே. மொகத்துல வெளிச்சம் மாறி மாறி அடிக்கும். அஞ்சு வருஷமாப் பாக்கேன். நான் என்ன குருடனா?”

வாசற்படியில் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார்.

“பின்ன என்னத்துக்கு ரெண்டு மணிக்கூரு வைக்காம இருந்தீங்க?”

அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அறையில் மற்றவர்களும் இருந்திருப்பார்கள்.

“நான் ஒண்ணும் பறையாம இருக்கும்போ நீ திடீர்ண்ணு சிரிப்பே. எதுக்குண்ணு எனக்குத் தெரியாது. நானும் கூட இருந்து சிரிப்பேன். மேக்கட்டிலுக்காரன் எட்டிப் பாத்து, என்னவே, மோளு தமாசு சொன்னாளாண்ணு கேப்பான். ஆமாண்ணு சொல்லுவேன்.”

ஐந்து வருடமாக அந்த அறையில் இருந்தவர்களுக்கு நான் தினமும் அப்பாவைச் சிரிக்க வைக்கிற மகளாக இருந்திருக்கிறேன். பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. நானும் சொல்லவில்லை, அவரும் மணியைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன்.

மேலே கட்டில் பலகை கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. அப்பா ஒரு நொடி மேலே பார்த்தார். பிறகு போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

“ஒண்ணு சிரி மக்களே” என்றார் மெதுவாக. “பயலுவ பாக்கானுவ.”